ஒரு தே தாரிக் முடியும் வரை படகில் உட்கார வேண்டும்

ஐந்து குறிப்புகள் வேண்டுமாம்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது அந்தச் செய்தி. "ஆன்டி, மடிக்கிற கயாக் எப்படி செலக்ட் பண்றதுன்னு அஞ்சு டிப்ஸ் குடுங்கலா. நம்ம பேஜ்ல போடணும். ஷார்ட்டா இருந்தா போதும்." அனுப்பியவள், நான் வேலை பார்த்த கடையில் இப்போது விற்பனையில் இருக்கும் பெண். நல்ல பெண்தான். மாதிரிக்கு என்று ஒரு வீடியோவும் கூடவே அனுப்பியிருந்தாள். அதில் ஒரு வாலிபன் முதுகிலிருந்து ஒரு பெட்டியை இறக்குகிறான், விரிக்கிறான், நாலு கொக்கியை மாட்டுகிறான், அடுத்த காட்சியில் ஏரி நடுவில் மிதக்கிறான். பின்னால் துள்ளல் இசை. 'யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும்' என்று எழுத்து ஓடுகிறது.

போனைச் சோபாவில் வீசிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். யார் வேண்டுமானாலுமா? எங்கே வேண்டுமானாலுமா? அந்த வார்த்தையை நம்பித்தான் கிள்ளான் லலிதா டீச்சர் கென்யிர் ஏரியில் இறங்கினார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் ஒரு குறிப்பும் எழுத முடியாது. ஷார்ட்டாகவும் முடியாது. கேட்டுவிட்டீர்கள், முழுவதையும் படியுங்கள்.

நான் ரெஜினா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். சுபாங் ஜெயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை என்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்த படகுக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படகு என்றால் மீன்பிடிப் படகு இல்லை. பிரித்து, மடித்து, பைக்குள் போட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டு போகிற கயாக். ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுவது. என் அத்தானிடம் முதன்முதலில் சொன்னபோது, "படகை எப்படி மடிப்பாங்க, அது என்னா வேட்டியா?" என்று கேட்டார். கடைசி வரைக்கும் அவர் அதை நம்பவில்லை.

அங்கே கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். சேர்ந்த மறுநாளே முதலாளி என்னைத் தரையில் உட்கார வைத்து ஒரு படகைக் கட்டச் சொன்னார். கட்டி முடிப்பதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. "இப்பதான் உமக்கு விக்கிறதுக்குத் தகுதி வந்திருக்கு, பிள்ளை," என்றார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கணநாதன் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து, ஆறு ஆறாகச் சுற்றிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கடை வைத்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தவே மாட்டார். 'இது நல்ல படகு' என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் எல்லாக் கடைக்காரரும் சாமானைக் காட்டுவார்கள். இவர் நாற்காலியைக் காட்டுவார். உட்கார வைத்து, தண்ணீருக்கு எப்படிப் போகப் போகிறீர்கள் என்று கேட்பார். கார் இருக்கிறது, எப்போதும் காரில்தான் போவேன் என்றால் விற்கவே மாட்டார். "அப்ப இது உங்களுக்கு வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கயாக் வாங்கிக் காருக்கு மேல கட்டுங்கோ. அது கனகாலம் உழைக்கும்." வந்தவர் முகம் தொங்கிப் போகும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

அடுத்தது, எங்கே காயப்போடுவீர்கள் என்ற கேள்வி. ஈரத்தோடு மடித்து வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் துணி கறுத்து, பூஞ்சை பிடித்து நாறும். கடல் தண்ணீர் என்றால் குழாய்களின் மூட்டில் உப்பும் மணலும் ஏறிக் கழற்றவே வராது. ஒரு டாக்டர், பெரிய கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர், ஈரப் படகைக் காரின் பின்னால் போட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பையைக் கடைக்குக் கொண்டுவந்து திறந்தார். கீழே மாமாக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ப்ளாட்டில் இருந்த ஒரு நர்ஸோ, ஐந்தாம் மாடி வராந்தாவில் சேலைகளுக்கு நடுவே படகுத் தோலைக் காயப்போட்டு அத்தனை வருஷம் புதிது போல் வைத்திருந்தார்.

பிறகு நடை. படகு இருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, ஸ்டேஷன் போய், கோமுட்டர் ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வர வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் போனவர் வரவே இல்லை. மத்தியானம் கிள்ளானிலிருந்து போன் பண்ணினார். "சார், வெயிட்டே தெரியல, அப்படியே கிள்ளான் வரைக்கும் வந்துட்டேன். இங்க நாசி கண்டார் நல்லா இருக்கு, சாப்புட்டு வரேன்." சார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகுதான் படகு. வந்தவரே தரையில் உட்கார்ந்து கட்ட வேண்டும். நாங்கள் தொட மாட்டோம். மின்விசிறியையும் சார் நிறுத்திவிடுவார். "ஆத்தங்கரையில ஆர் உங்களுக்கு ஃபேன் போடுறது?" கட்டி முடித்ததும் அதற்குள் உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே குரல் கொடுப்பார். மாமாக் கடையிலிருந்து நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று சுடச்சுட வரும். அதைப் படகில் உட்கார்ந்தபடியே குடித்து முடிக்க வேண்டும். டீ தீருவதற்குள் கால் மரத்துப்போனாலோ, இடுப்பு வலித்தாலோ, அந்தப் படகு அவருக்கு இல்லை. "டீ குடிக்கிற நேரம் இருக்க ஏலாத படகில நாள் முழுக்க எப்படி இருக்கிறது?" என்பார். வேறு படகைக் கட்டச் சொல்வார். இன்னொரு டீ வரும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். மடிக்கும் கயாக்கில் முக்கியமாக இரண்டு வகை எங்களிடம் இருந்தன. ஒன்று, உள்ளே அலுமினியக் குழாய்ச் சட்டகம், மேலே தடித்த துணித் தோல், இரண்டு பக்கமும் காற்றடைத்த குழாய்கள். கட்ட நேரமாகும், கனமும் அதிகம். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும், சாமான் ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கும். மற்றொன்று ஒரே பிளாஸ்டிக் தகடு. பலகாரக் கடை அட்டைப்பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக விரிந்து படகாகிவிடும். சீக்கிரம், லேசு, பார்க்க அழகு. அமைதியான ஏரியில் காலையில் போய் மத்தியானம் திரும்ப அருமையானது. ஆனால் அதற்குள் காற்றுப்பை வைத்துக் கட்டவில்லை என்றால், தண்ணீர் ஏறியதும் அப்படியே அமுங்கிவிடும். காற்றுப்பை தனியாக வரும், விற்பவன்தான் அதைச் சொல்ல வேண்டும்.

சாருக்குப் பக்கவாதம் வந்து வீட்டோடு முடங்கியதும், கடை அவருடைய மருமகன் திவாகர் கைக்கு வந்தது. படித்தவன், சுறுசுறுப்பானவன், படகில் ஒரு நாளும் உட்காராதவன். நாற்காலி போனது. ரயில் நடை போனது. "ஆன்டி, கஸ்டமரை வெயில்ல ஸ்டேஷனுக்கு அனுப்புறது டார்ச்சர் லா," என்றான். டீயை மட்டும் நான் விடவில்லை. என்னிடம் வருகிறவர்களை நான் படகில் உட்கார வைத்தே தீருவேன். அவன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முறைப்பான்.

அந்தக் காலத்தில்தான் லலிதா டீச்சர் வந்தார். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற புதிது. திருமணம் ஆகாதவர், தம்பி குடும்பத்தோடு இருப்பவர். பெரிய உடம்பு. படியேறி வந்து வாசலிலேயே மூச்சு வாங்க நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். வேறு இரண்டு கடைகளில் அவரைப் பார்த்ததும் சிரித்தார்களாம். ஒருவன், "மேடம், பேரனுக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

"எனக்குத்தாங்க," என்றார் என்னிடம். "கென்யிர் ஏரியில ஒரு வாரம், தீவு தீவா கூடாரம் போட்டுத் தங்கணும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பஸ்லதான் போகணும். நான் மாநில அளவுல நீச்சல் அடிச்சவ. தண்ணி எனக்குப் பயமில்ல. ஆளுங்கதான் பயம்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. சட்டகப் படகில் அகலமானது ஒன்று எங்களிடம் இருந்தது, சார் செயல்விளக்கத்துக்கு வைத்திருந்த பழையது. அதை அவரே கட்டினார். கடைசியில் தோலை இறுக்கும் நெம்புகோலை அழுத்தும்போது வியர்வை சொட்டியது. விடவில்லை. உள்ளே உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்து முடித்தார். "அரசாங்க நாற்காலிகூட எனக்கு இப்படிப் பொருந்தினது இல்ல," என்றார். இருவரும் சிரித்தோம். அதே மாதிரிப் படகு புதிதாக வரவழைக்கலாம், அதுவரை வாரா வாரம் வந்து கட்டிப் பழகட்டும் என்று முடிவு செய்தோம். கிள்ளானிலிருந்து கோமுட்டரில் வருவார். ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் வேகமானது.

ஈப்போவில் என் அக்கா மகள் கல்யாணம். லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்த அன்று திவாகர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க டீச்சர் எடுத்துட்டாங்க. வந்தாங்க, வீடியோ காட்டினேன், ஒரே சிட்டிங். நீங்க இத்தன வாரம் என்னா பண்ணீங்க ஆன்டி?"

தகட்டுப் படகை விற்றிருந்தான். ஒரு வாரப் பயணத்துக்கு. கூடாரம், அடுப்பு, அரிசி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்ற வேண்டிய பயணத்துக்கு. படகில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டி, 'உங்க வெயிட் இதுக்குள்ளதான் இருக்கு, ஓகே' என்று சொல்லியிருக்கிறான். அந்த எண் ஆளுக்கு மட்டும் இல்லை, ஆளும் சாமானும் சேர்த்துத்தான் என்பது முதல் நாள் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விஷயம். காற்றுப்பை? "அமைதியான ஏரிதானே, அதெல்லாம் வேணாம்" என்றானாம்.

அங்கேயே டீச்சருக்குப் போன் பண்ணினேன். அவர் அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். தம்பி, புதுக் காருக்குச் செய்வது போலவே, கோயில் வாசலில் படகுக்குப் பூஜை போட்டாராம். மாலை, சந்தனம், குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எல்லாம் செய்தாகிவிட்டது. பஸ் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. "டீச்சர், அந்தப் படகுல சாமான் ஏத்தி பெரிய ஏரிக்குப் போகாதீங்க. முதல்ல இங்க சின்ன ஏரியில பாப்போம்," என்றேன். "உங்க பாஸ் தாராளமா போலாம்னு சொன்னாரே ரெஜினா," என்றார். போனைக் கையில் பிடித்தபடியே கண்ணாடி அறைக்குள் போய்க் காற்றுப்பைகளைக் கொடு என்று நின்றேன். "கஸ்டமர பயமுறுத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டான். ஸ்டோர் சாவி அவனிடம்தான் இருந்தது. டீச்சரும் எடுத்த டிக்கெட்டில் பஸ் ஏறிவிட்டார்.

பயணத்தின் இரண்டாம் நாள், மத்தியானத்துக்குப் பிறகு ஏரியில் காற்று கிளம்பியது. பெரிய அலை இல்லை. ஆனால் பாரத்தால் படகின் விளிம்பு தண்ணீரை ஒட்டி இருந்திருக்கிறது. ஒரு அலை உள்ளே வந்தது. அள்ளி ஊற்றுவதற்குள் அடுத்தது. பிறகு படகு அவருக்குக் கீழேயே அமுங்கிவிட்டது. கூடாரம் போனது, சாப்பாடு போனது, போன் போனது. பாதுகாப்பு அங்கியோடு, வெறும் கையால் நீந்திக்கொண்டும் மிதந்துகொண்டும், மீன் பிடிக்க வந்த ஒரு மலாய்க்காரர் பார்த்துத் தன் படகில் தூக்கும் வரை தண்ணீரிலேயே இருந்தார். நீச்சல் வீராங்கனை. அதனால் பிழைத்தார். உங்கள் வீடியோ சொல்லும் 'யார் வேண்டுமானாலும்' அங்கே இருந்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பார்.

அந்த மலாய்க்காரர், தண்ணீரில் பாதி அமுங்கிக் கிடந்த டீச்சர் படகையும் இழுத்து வந்திருந்தார். தம்பி அதை மடித்து எடுத்துக்கொண்டு டீச்சரோடு கடைக்கு வந்தார். டீச்சர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார். தம்பி போனில் படகுப் படங்களைக் காட்டி விளக்கம் கேட்டபோது, திவாகர் கண்ணில் அந்தப் பூஜைப் படம் பட்டுவிட்டது. துள்ளிக் குதித்தான்.

"எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி நசுக்கியிருக்கீங்க! தகடு வெடிக்காம என்னா பண்ணும்? இது கார் இல்லலா, படகு. வாரண்டி எல்லாம் போச்சு."

பாவம், தான் ஆசையாகச் செய்த பூஜையால்தான் அக்கா சாகப் பார்த்தாள் என்று நினைத்துத் தம்பியின் முகம் வெளுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. படகைத் தூக்கிக்கொண்டு கீழே கார் பார்க்குக்கு வாருங்கள் என்றேன்.

ஓட்டை பார்ப்பது எப்படி என்று சார் காட்டிக்கொடுத்திருந்தார். படகை முழுவதும் விரித்துக் கொக்கி மாட்டி, மாமாக் கடையிலிருந்து இரண்டு மர பெஞ்சை வாங்கி, அதன் மேல் தூக்கி வைத்தோம். அடிப்பக்கத்தைத் துணியால் ஒட்டத் துடைத்தேன். ஒவ்வொரு மடிப்பாக விரலை ஓட்டினேன். சந்தன, குங்குமக் கறைகூட இன்னும் இருந்தது. பிறகு குழாயை மாட்டி, வெளியே ஒரு சொட்டுப் படாமல் உள்ளே தண்ணீர் விட்டேன். அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். ஈரம் பட்டால் தாள் உடனே கறுக்கும். நின்றோம். மாமாக் கடை ஆட்களும் வந்து நின்றார்கள். தாள் கறுக்கவே இல்லை. எலுமிச்சம்பழம் நசுங்கிய இடத்திலும் ஒரு கீறல் கிடையாது.

"ஓட்டை இல்ல," என்றேன். "தண்ணி கீழேருந்து வரல. மேலேருந்து வந்திருக்கு. பாரம் அதிகம். இந்தப் படகுக்கு அந்தச் சாமானே அதிகம். காத்துப்பையும் இல்ல. அத சொல்லாம வித்தது நாம."

அத்தனை பேர் முன்னால் திவாகருக்கு மானம் போய்விட்டது. அதை மீட்க அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். டீச்சரை மேலும் கீழும் பார்த்தான். "ஆன்டி, ஓப்பனா பேசுவோம். படகுல ப்ராப்ளம் இல்லன்னு நீங்களே ப்ரூவ் பண்ணிட்டீங்க. அப்ப ப்ராப்ளம் சைஸ்ல. இவங்க சைஸுக்கு எந்தப் படகும் தாங்காது."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது, மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். ஆனால் நான் கத்தியது டீச்சர் காதில் விழவில்லை. அவன் சொன்னதுதான் விழுந்தது. தம்பியின் கையைப் பிடித்து, "விடுடா. அந்தப் பையன் சொல்றது சரிதான். நான்தான் இந்த உடம்ப வச்சிக்கிட்டு ஆசைப்பட்டேன்," என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

ஏரியில் அவர் எதையும் இழக்கவில்லை. கூடாரமும் போனும் போனால் போகட்டும். கார் பார்க்கில்தான் அவரை மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பதக்கம் வாங்கிய பெண், அதற்குப் பிறகு நீச்சல் குளத்துக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாள் என்று தம்பி சொன்னார். என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "எனக்கு அதெல்லாம் சரிப்படாது ரெஜினா," என்பார்.

எனக்கு ஓய்வு நெருங்கியிருந்தது. பிரிவு நாளில் திவாகர் கேக் வெட்டி, ஒரு பெரிய பரிசுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். "எனக்குக் கூடை வேணாம். சாரோட பழைய டெமோ படகக் குடு," என்றேன். ஸ்டோரில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, சந்தோஷமாகக் கொடுத்தான்.

அந்தச் சனிக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு கோமுட்டரில் கிள்ளானுக்குப் போனேன். போகும்போது கீழே மாமாக் கடையில் தே தாரிக் ஒன்று பிளாஸ்டிக் பையில், ஸ்ட்ராவோடு பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டேன். என் முதுகு அன்றைக்கு என்னைத் திட்டியது, சாரையும் சேர்த்துத் திட்டியது. டீச்சர் வாசலுக்கு வந்து பையைப் பார்த்ததும் கதவை மூடப் பார்த்தார். நான் கதவிடுக்கில் கால் வைத்தேன். கார் நிறுத்தும் இடத்தில் பையைக் கவிழ்த்துக் குழாய்களைக் கொட்டினேன். "கட்டுங்க," என்றேன். மாட்டேன் என்றார். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறியது. நான் ஒரு குழாயை வேண்டுமென்றே தப்பாக மாட்டினேன். வாத்தியாரால் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "அது அங்க இல்ல, இங்க," என்று குனிந்தார். அப்புறம் அவரே கட்டினார். கை ஒன்றையும் மறக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் கொடுத்தேன். ஸ்ட்ராவால் மெதுவாகக் குடித்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலி வழியாக எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். பொட்டலம் தீர்ந்து காற்று உறிஞ்சும் சத்தம் வந்தது. இடுப்புக்கு இரு பக்கமும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"கால் மரத்துப் போகல, ரெஜினா."

"ம்."

"இடம் இருக்கு. சாமான் வைக்கக்கூட இடம் இருக்கு."

"இருக்குதான்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மெல்லச் சிவந்தது. வகுப்பில் பிள்ளைகள் நடுங்கியிருக்கக்கூடிய ஒரு பார்வை அந்தக் கண்ணில் வந்தது.

"அப்பறம் ஏன் அவன் அப்படிச் சொன்னான்?"

மறுபடி தண்ணீரில் இறங்குவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இன்னும் சொல்லவில்லை. படகை மட்டும் என்னைத் திருப்பி எடுத்துப்போக விடவில்லை. ஐந்து குறிப்பு கேட்ட பெண்ணே, உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பேஜில் வேறு எதையும் போடுவதற்கு முன்னால், டீச்சர் கேட்ட அந்த ஒரு கேள்வியைப் போடு. உன் பாஸ் திவாகரை அதற்குக் கீழே பதில் எழுதச் சொல். ஷார்ட்டாக இருந்தாலும் போதும்.